வெளிச்சம் குறைந்தால் நொதி நின்றுவிட்டது என்று அர்த்தமா?

2020ல் கொரோனா பரிசோதனைக்காக மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் திருநெல்வேலி ஐகிரவுண்ட் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ‘சிடி வேல்யூ எவ்வளவு?’ என்று டீக்கடையில்கூடக் கேட்டுக்கொண்டார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இயந்திரம் வைரஸைப் பார்க்கவில்லை. டிஎன்ஏவையும் நேரே பார்க்கவில்லை. டாக் பாலிமரேஸ் என்ற நொதி டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டு போகிற வழியில், முன்னால் ஒட்டியிருந்த ஒரு குட்டி டிஎன்ஏ துண்டைக் கத்தரித்துத் தள்ளியது. அந்தத் துண்டில் ஒரு சாயமும் அதன் வெளிச்சத்தை விழுங்கும் ஓர் அணைப்பானும் இருந்தன. கத்தரித்ததும் இரண்டும் பிரிந்தன, சாயம் பச்சையாக ஒளிர்ந்தது. அந்தப் பச்சை எத்தனையாவது நகலெடுப்புச் சுற்றில் கருவிக்குத் தெரிந்தது என்பதே சிடி.

அங்கே நொதியின் வேகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வைரஸ் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏவின் அளவு நமக்கு முன்பே தெரியும். நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது? ஒரு மருந்தையோ இலைச்சாற்றையோ சேர்த்தால் வேகம் குறைகிறதா? டிஎன்ஏவில் கைவைக்கும் நொதிகளுக்குத் தடுப்பான் தேடும் ஆய்வகங்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. மேற்கே பொதிகை மலை, பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதைச் சுற்றி எத்தனையோ கல்லூரிகள். இவற்றில் ஏதாவது ஓர் இலையின் சாற்றை எடுத்து ஏதாவது ஒரு நொதியோடு கலந்து பார்க்கும் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். கருவி அளப்பது வெளிச்சத்தை. நொதி நின்றதா என்பது நாம் அதிலிருந்து செய்யும் ஊகம். அந்த ஊகத்தை நிரூபிப்பதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது.

முதலில் இந்த நொதிகளை ஏன் நிறுத்த வேண்டும் என்று பார்த்துவிடலாம். டிஎன்ஏவை வெட்டுபவை, ஒட்டுபவை, நகலெடுப்பவை, முறுக்கைத் தளர்த்துபவை, பழுது பார்ப்பவை, மீத்தைல் குறி வைப்பவை என்று இவை பல வகை. வண்ணார்பேட்டையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் கிடைக்கும் சிப்ரோஃபிளாக்சசின், பாக்டீரியாவின் டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் நொதியைத்தான் முடக்குகிறது. எச்ஐவி தன் டிஎன்ஏவை நம் டிஎன்ஏவுக்குள் செருக இன்டக்ரேஸ் என்ற நொதி வேண்டும். அதைத் தடுக்கும் முதல் மருந்தான ரால்டெக்ராவிர் 2007ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிரும் அதே குடும்பம். எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளுக்குத் தரும் அசாசிடிடின், டெசிடபின் இரண்டும் மீத்தைல் குறி வைக்கும் நொதியைப் பொறியில் சிக்கவைப்பவை. ஆக, இது வெறும் தேர்வுப் பாடம் இல்லை.

முன்பெல்லாம் இந்த நொதிகளை அளப்பதற்குக் கதிரியக்கம் வேண்டும். டிஎன்ஏவின் முனையில் பாஸ்பரஸ்-32ஐ ஏற்றி, நொதியோடு கலந்து, குறித்த நேரத்தில் நிறுத்தி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டித் துண்டுகளைப் பிரித்து, எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்துப் பார்ப்பார்கள். துல்லியமான முறை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாஸ்பரஸ்-32 சுமார் 14 நாளில் பாதியாகிவிடும். அதைக் கையாள உரிமம், தனி அறை, கழிவுக்குத் தனி ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில டஜன் மாதிரிகள் முடியும். அதைவிட முக்கியமான குறை, நொதி வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்க முடியாது. நிறுத்திய பிறகு என்ன மிஞ்சியது என்பது மட்டுமே தெரியும். பத்தாயிரம் வேதிப்பொருள்களைச் சோதித்து ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு இது ஆகாது.

சாயமும் அணைப்பானும்

ஒளிர்வு என்பது பழைய விஷயம். குவினைன் கரைசலில் ஊதா வெளிச்சம் பட்டால் அது நீலமாக மின்னுவதை 1845ல் ஜான் ஹெர்ஷல் எழுதிவைத்தார். உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளியின் அலைநீளம் அதிகம் என்பதை 1852ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். ஜவுளிக்கடைக் கல்லாவில் ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டைக் காட்டும்போது எண்வரிசை மின்னுவதும் இதுவே. உயிரியல் ஆய்வில் அதிகம் புழங்கும் சாயம் ஃபாம். இது ஃபுளோரசீனின் ஒரு வடிவம். 495 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கி 520 அருகே பச்சையாகத் திருப்பித் தரும். வாங்குவதற்கும் தருவதற்கும் இடையே சுமார் 4 நானோ நொடி. அந்த இடைவெளியில் பக்கத்தில் பொருத்தமான வேறொரு மூலக்கூறு இருந்தால், சாயம் தன் ஆற்றலை வெளிச்சமாக விடாமல் அதனிடம் கொடுத்துவிடும். வாங்கிக்கொண்ட மூலக்கூறு ஒளிராமல் வெப்பமாக்கிவிடும் ரகம் என்றால், அதுதான் அணைப்பான்.

எவ்வளவு பக்கம் என்ற கணக்கை 1948ல் தியோடோர் ஃபோர்ஸ்டர் போட்டார். இந்தக் கைமாற்றம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு சாய-அணைப்பான் ஜோடிக்கு, ஆற்றலில் பாதி கைமாறும் தூரம் பொதுவாக 5 நானோமீட்டர் சுற்றில் இருக்கும். தூரம் அதில் பாதியானால் 98.5 சதவீதம் அணைந்துவிடும். இரட்டிப்பானால் அணைவது 1.5 சதவீதம்தான். டிஎன்ஏவில் அடுத்தடுத்த இரண்டு எழுத்து ஜோடிகளுக்கு (ஏ-டி, ஜி-சி) இடையே 0.34 நானோமீட்டர். அதாவது 15 ஜோடி நீளம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். இயற்கையே டிஎன்ஏ வேலைக்கென்று அளவெடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஆறாம் அடுக்கு என்பதால் இடையில் மங்கலான பகுதி குறைவு. பக்கத்தில் இருந்தால் இருட்டு, பிரிந்தால் வெளிச்சம்.

1996ல் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிராமரும் ஒற்றை இழை டிஎன்ஏவைக் கொண்டை ஊசி போல மடியும்படி எழுதி, இரு முனைகளிலும் சாயத்தையும் அணைப்பானையும் வைத்தார்கள். மடிந்திருக்கும்போது இருட்டு. தனக்குப் பொருத்தமான இழையைக் கண்டு விரிந்தால் வெளிச்சம். அவர்கள் செய்தது மரபுவரிசையைக் கண்டறிய. ஆனால் நொதிக்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் வேறு யோசனை வந்தது. மடிந்த தண்டுப் பகுதியில் ஒரு வெட்டுமிடத்தை எழுதிவைத்தால் என்ன? ஈக்கோ-ஆர்-ஒன் என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே வெட்டும். வெட்டிய பிறகு முனையில் மிஞ்சும் துண்டு ஐந்தாறு ஜோடிதான் என்றால், 37 டிகிரியில் அதனால் இரட்டை இழையாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. இழைகள் பிரியும், சாயம் அணைப்பானை விட்டு விலகும், வெளிச்சம் ஏறும்.

வடிவமைப்பின் சூட்சுமம் இந்தக் கடைசிப் படியில்தான். வெட்டுமிடத்தை முனையிலிருந்து 15 ஜோடி தள்ளி வைத்துவிட்டால், நொதி ஒழுங்காக வெட்டினாலும் துண்டுகள் பிரியாமல் அப்படியே நிற்கும். கருவி ‘வேலை நடக்கவில்லை’ என்று சொல்லும். ரொம்பவும் முனைக்கு ஒட்டி வைத்தால் நொதிக்குப் பிடிமானம் கிடைக்காது, பல வெட்டு நொதிகளுக்கு வெட்டுமிடத்துக்கு இருபுறமும் சில ஜோடிகள் வேண்டும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிஎன்ஏவுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், இரண்டு முனையிலும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ மலிவானது அல்ல.

ஏறும் கோட்டிலிருந்து எண் எடுப்பது

நொதியைச் சேர்த்ததும் வெளிச்சம் நேர்கோட்டில் ஏறத் தொடங்கும், பிறகு டிஎன்ஏ தீரத் தீர வளைந்து தட்டையாகும். நமக்கு வேண்டியது ஆரம்பத்து நேர்கோட்டின் சாய்வு. முழுதும் வெட்டிய டிஎன்ஏவைப் பல அளவுகளில் வைத்து ஓர் அளவுகோல் போட்டுக்கொண்டால், வெளிச்ச அலகை மோலாக, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையாக மாற்றலாம். அப்புறம் தடுப்பானைச் சந்தேகிக்கும் பொருளைப் பல செறிவுகளில் சேர்த்து, சாய்வு பாதியாகும் செறிவைக் கண்டுபிடிப்பார்கள். அதுதான் ஐசி50.

ஐசி50 என்ற எண்ணை நம் ஊர் ஆய்வேடுகளில் வேதவாக்காக எழுதுகிறார்கள். அது பொருளின் குணம் மட்டும் இல்லை, சோதனையை எப்படி அமைத்தோம் என்பதும் அதற்குள் இருக்கிறது. நொதியின் அதே இடத்துக்கு டிஎன்ஏவோடு போட்டி போடும் தடுப்பானுக்கு, 1973ல் செங்கும் புரூசாஃபும் கொடுத்த சூத்திரப்படி, ஐசி50ஐ ‘ஒன்று கூட்டல் டிஎன்ஏ செறிவு வகுத்தல் கேஎம்’ என்பதால் வகுத்தால்தான் உண்மையான தடுப்பு மாறிலி கிடைக்கும். கேஎம் என்பது, நொதியின் வேகம் அதன் உச்சத்தில் பாதியாக இருக்கும் டிஎன்ஏ செறிவு. ஒரு பொருளின் மாறிலி 5 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். டிஎன்ஏவைக் கேஎம் அளவுக்கே வைத்தால் ஐசி50 10 வரும். கேஎம்மைப்போல் ஒன்பது மடங்கு வைத்தால் 50 வரும். பொருள் ஒன்றுதான், நொதியும் ஒன்றுதான். இன்னொன்று, நொதியை எவ்வளவு சேர்த்தோமோ அதில் பாதிக்குக் கீழே ஐசி50 இறங்கவே இறங்காது. தடுப்பான் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், நொதியின் பாதி மூலக்கூறுகளையாவது பிடிக்கும் அளவுக்கு எண்ணிக்கை வேண்டும் அல்லவா. டிஎன்ஏ செறிவு, நொதி செறிவு இரண்டையும் சொல்லாமல் வெறும் ஐசி50 மட்டும் போட்டிருக்கும் அட்டவணையை நான் தாண்டிப் போய்விடுவேன்.

வெட்டும் நொதிக்கு இவ்வளவு போதும். மீத்தைல் குறி வைக்கும் நொதியிடம் இந்த வித்தை நேராகப் பலிக்காது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கூடுதலாக ஒட்டியதால் சாயத்தின் தூரம் மாறப்போவதில்லை. அதனால் இரண்டாவது நொதியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஈ-கோலையின் டாம் என்ற நொதி, ஜி-ஏ-டி-சி வரிசையில் உள்ள ஏ-மேல் குறி வைக்கும். டிபிஎன்-ஒன் என்ற நொதி அந்தக் குறி இருந்தால்தான் வெட்டும். இரண்டையும் சோதனைத் தட்டின் ஒரே குழியில் போட்டால், டாம் குறி வைக்க வைக்க டிபிஎன்-ஒன் வெட்டும், வெளிச்சம் ஏறும். மனித செல்லில் டாம் கிடையாது. டாம் இல்லாத சால்மொனெல்லா எலிகளில் நோய் உண்டாக்கும் திறனை இழந்துவிடுவதை 1999ல் காட்டினார்கள். அதனால் டாமைத் தடுக்கும் பொருளுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆனால் வெளிச்சம் ஏறவில்லை என்றால் யார் நின்றார்? டாமா, சாட்சிக்கு வந்தவரா? முன்கூட்டியே குறி வைத்த டிஎன்ஏவை டிபிஎன்-ஒன்னிடம் மட்டும் கொடுத்து, அதே பொருளைச் சேர்த்துத் தனியாக ஒரு சோதனை வைக்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

பழுதுபார்க்கும் நொதிகளிலும் இதே சிக்கல் உண்டு. டிஎன்ஏவில் சைட்டோசின் தானாகவே கெட்டு யுராசிலாக மாறும். அந்த யுராசிலைப் பிடுங்கி எறியும் நொதியை 1974ல் தோமஸ் லிண்டால் கண்டுபிடித்தார், 2015ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இந்த நொதி எழுத்தை மட்டும் எடுக்கும், இழையை வெட்டாது. எழுத்து போன இடத்தை வெட்ட இன்னொரு நொதி வேண்டும், அல்லது காரமும் சூடும் வேண்டும். இங்கே சாட்சியைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. யுராசிலுக்குப் பக்கத்தில் 2-அமினோபியூரின் என்ற ஒளிரும் எழுத்தை வைப்பது. அக்கம்பக்கத்து எழுத்துகளோடு அடுக்காக அழுந்தியிருக்கும்வரை அது மங்கல். பக்கத்து எழுத்தைப் பிடுங்கியதும் பிரகாசிக்கும். வெளியிலிருந்து அணைப்பான் தேவையில்லை. ஆனால் அது ஒளியை வாங்குவது 310, தருவது 370 நானோமீட்டர். தாவரச் சாறுகள் பலவும் ஒளியை விழுங்குவது அந்தப் பக்கம்தான் என்பதால், மூலிகைக்காரர்களுக்கு அதுதான் ஆகாத இடம்.

இலைச்சாறு வந்தவுடன்

தூய வேதிப்பொருள்களோடு இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவு ஒழுங்காக நடக்கும். குழிக்குள் இலைச்சாறு போன நிமிஷத்திலிருந்து கதை மாறுகிறது.

ஒரு சாறு நொதியைத் தொடாமலேயே வெளிச்சத்தைக் குறைக்கலாம். நிறமுள்ள எதுவும் ஒளியை விழுங்கும். 495லோ 520லோ சாற்றின் ஒளியுறிஞ்சல் 0.3 இருந்தால் போதும், ஒளியில் பாதி போய்விடும். நொதி முழுவேகத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ‘50 சதவீதத் தடுப்பு’ என்று நோட்டில் எழுதுவோம். முடிவில் ஒரே ஒரு முறை அளக்காமல் தொடர்ந்து அளந்து சாய்வை எடுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாறே சொந்தமாக ஒளிர்ந்தால் அது சரி, மாறாத வெளிச்சம் சாய்வில் கழிந்துவிடும். ஒளியை விழுங்கும் சாற்றிடம் அது செல்லாது. விழுங்குதல் சாய்வையும் சேர்த்தே பாதியாக்கும். இதற்கு மருந்து, முன்கூட்டியே முழுதும் வெட்டிய டிஎன்ஏவோடு சாற்றைக் கலந்து பார்ப்பது. நொதி இல்லாத அந்தக் குழியிலும் வெளிச்சம் பாதியானால், விஷயம் வெளிச்சத்தில் இருக்கிறது, நொதியில் இல்லை. ஒரே ஒரு கூடுதல் குழி. அதைப் போடாமல் விட்ட ஆய்வேடுகள் ஏராளம்.

நம் வட்டாரத்துப் பொருளையே எடுத்துக்கொள்வோம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவாரை, வெளிநாட்டு மருந்து நூல்களில் ‘டின்னவேலி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரோடே இருக்கிறது. அதன் பேதி குணத்துக்குக் காரணமான சென்னோசைடுகளும், கூடவே இருக்கும் ரெயின், அலோ-எமோடின் முதலியவையும் ஆந்த்ராகுவினோன் குடும்பம். இவற்றுக்கு இயல்பிலேயே மஞ்சள் நிறம், கரைசல் காரப் பக்கம் போகப் போகச் சிவக்கும். நொதிச் சோதனைகளில் பெரும்பாலும் பிஹெச் 8 பக்கத்தில், அதாவது லேசான காரத்தில்தான் பஃபர் (பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) வைப்போம். போதாததற்கு, தட்டையான ஆந்த்ராகுவினோன் வளையங்கள் சில டிஎன்ஏவின் அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொள்ளவும் கூடும். அப்போது நொதி மெய்யாகவே மெதுவாகும், ஆனால் தடுக்கப்பட்டது நொதி இல்லை. டிஎன்ஏ கெட்டுப்போனதால் நொதியால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதே சாறு டிஎன்ஏவைத் தொடும் எந்த நொதியையும் நிறுத்தும். சம்பந்தமே இல்லாத இரண்டு டிஎன்ஏ நொதிகளோடு வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் 425 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கி, ஃபாம் ஒளிரும் பச்சைப் பகுதியிலேயே திருப்பித் தரும். தண்ணீரில் மங்கலாக இருப்பது, சோப்பு வகைப் பொருள் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகும். இங்கே பிழை எதிர்த்திசையில் நடக்கும். நிஜத் தடுப்பை வெளிச்சம் மறைத்துவிடும். எத்தனையோ சோதனைகளில் பொய்யான ‘வெற்றி’ காட்டும் பொருள் என்று குர்குமினைப் பற்றி 2017ல் மருத்துவ வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதினார்கள். மஞ்சளுக்கு எதிரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள், குழம்பில் அது இருந்தே ஆக வேண்டும்.

கடுக்காய் வேறு ரகம். அதில் டானின் மிக அதிகம். தோல் பதனிடுவதற்குக் கடுக்காயைப் பயன்படுத்துவதே, டானின் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான். நொதியும் புரதம். ஆக, திரிபலாச் சாற்றைச் சேர்த்தால் நொதி நிற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கடுக்காய்ச் சாற்றுக்கு அமிலத்தன்மையும் உண்டு. ஃபாம் சாயத்தின் பிரகாசம் பிஹெச்சைப் பொறுத்தது. 6.5க்குக் கீழே இறங்கினால் பாதிக்கு மேல் மங்கிவிடும். பஃபரின் வலுவை மீறிச் சாறு சேர்த்தால் அமிலமே தடுப்பான் வேஷம் போடும். பல டிஎன்ஏ நொதிகளுக்கு மக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது. தாவரச் சாறுகளில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் நிறைய இருக்கின்றன. மக்னீசியத்தைக் கூட்டியதும் ‘தடுப்பு’ காணாமல் போனால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

தூய பொருளிலும் ஒரு பொறி இருக்கிறது. நீரில் சரியாகக் கரையாத மூலக்கூறுகள் மைக்ரோமோலார் அளவிலேயே சின்னச் சின்னத் திரள்களாகச் சேர்ந்து, நொதியைத் தம் மேற்பரப்பில் இழுத்துவைத்துக்கொள்ளும். 2000க்குப் பிறகு பிரையன் ஷோய்செட் குழு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருளை 0.01 சதவீதம் சேர்த்தால் பெரும்பாலும் திரள் கலைந்து தடுப்பு மறையும். இந்தச் சின்ன அளவு டிரைட்டானைத் தொடக்கத்திலிருந்தே பஃபரில் வைத்துவிடுவது நல்ல வழக்கம்.

எந்த நிறச் சாயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இயற்கைப் பொருள்களின் ஒளிர்வு பெரும்பாலும் நீல-பச்சைப் பக்கம் இருப்பதால், சிவப்புப் பக்கம் ஓடிவிடுங்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும். தூய வேதிப்பொருள்களுக்கு அது நல்ல அறிவுரை. பச்சிலையின் எத்தனால் சாற்றுக்குப் பொருந்தாது. அதில் பச்சையம் இருக்கும். பச்சையம் 670 நானோமீட்டர் சுற்றில் அடர்சிவப்பாக ஒளிரும். 650ல் வாங்கி 670ல் தரும் சை5 சாயத்தை அதே இடத்தில் வைப்பது தெரிந்தே வம்பை விலைக்கு வாங்குவது. நிலவேம்பு, நித்தியகல்யாணி மாதிரி இலைகளுக்கு நடுப்பகுதிதான் பாதுகாப்பு. பச்சையம் அதிகம் விழுங்காத, அதிகம் ஒளிராத 530 முதல் 600 வரை. ஹெக்ஸ், சை3 போன்ற சாயங்கள் அங்கே இருக்கின்றன. அல்லது முதலில் ஹெக்ஸேனால் கழுவிப் பச்சையத்தை எடுத்துவிட வேண்டும்.

கருவி இல்லையே என்பார்கள். 96 குழித் தட்டைப் படிக்கும் ஒளிர்வுமானி பல லட்சம் ஆகும் என்பது உண்மை. ஆனால் ரியல்-டைம் பிசிஆர் இயந்திரம் என்பதே சூட்டுக் கட்டுப்பாடு உள்ள ஓர் ஒளிர்வுமானிதான். அது இருக்கிற ஆய்வகத்தில், சுற்று முறையை விட்டுவிட்டு 37 டிகிரியில் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாம் அல்லது ஹெக்ஸ் சேனலைப் படிக்கச் சொன்னால், நொதியின் ஏறுகோடு திரையில் வந்துவிடும். 20 மைக்ரோலிட்டர் போதும், விலை உயர்ந்த டிஎன்ஏ மிச்சம். வெயில் காலத்தில் சாயக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றிப் பனிக்கட்டியில் வைக்காமல் மேஜையில் விட்டால் வெளிச்சத்திலேயே வெளுத்துப்போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சோதனை நம்பத்தக்கதா என்பதற்கு 1999ல் வந்த இசட்-பிரைம் என்ற அளவு இருக்கிறது. தடுப்பான் இல்லாத குழிகளின் சராசரி 10,000, சிதறல் 500. நொதியே இல்லாத குழிகளின் சராசரி 2,000, சிதறல் 300 என்று வைப்போம். இரண்டு சிதறலையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 2,400. சராசரிகளின் இடைவெளி 8,000. 2,400ஐ 8,000ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.7. பாதிக்கு மேல் வந்தால் நல்ல சோதனை. சிதறல் இரண்டும் இரட்டிப்பானால் 0.4, அப்போது பிப்பெட்டைப் பிடித்த கையைப் பார்க்க வேண்டும்.

காம்ப்டோதெசின் காட்டும் எல்லை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து டிஎன்ஏ நொதித் தடுப்பான் எதுவும் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. சீனத்து மரமொன்றிலிருந்து 1966ல் மன்றோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்த காம்ப்டோதெசின், நம் மலைத்தொடரில் வளரும் நோதபோடைட்டஸ் நிம்மோனியானா என்ற சிறுமரத்திலும் இருக்கிறது. முன்பு அதன் தாவரப் பெயர் மாப்பியா ஃபெடிடா. பூவின் நாற்றத்தால் வந்த பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனோடு சேர்ந்து 1972ல் இதை வெளியிட்டார். இன்று அந்த மரத்துக்கு உலகச் சந்தையில் கிராக்கி. வெட்டி அழித்ததில் காடுகளில் அருகிவருகிறது.

1970களின் தொடக்கத்தில் காம்ப்டோதெசினைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பக்கவிளைவு தாங்காமல் கைவிட்டார்கள். 1985ல் அது டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதியைத் தாக்குகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அதிலிருந்து செய்த டோபோடிகானும் இரினோடிகானும் 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூலிகையிலிருந்து மருந்து வரை முப்பது ஆண்டு. நடுவில் திருப்பம் தந்தது நொதிச் சோதனை.

முறுக்கேறிய கயிற்றில் ஒரு புரியை அறுத்து, முறுக்கைத் தளர்த்திவிட்டு, அறுத்த இடத்தைத் திரும்பச் சேர்ப்பது போன்ற வேலையை இந்த நொதி செய்கிறது. காம்ப்டோதெசின் அறுப்பதைத் தடுப்பதில்லை. திரும்பச் சேர்ப்பதைத் தடுக்கிறது. நொதி டிஎன்ஏவோடு ஒட்டிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும், அறுபட்ட இழை திறந்தே கிடக்கும், நகலெடுக்கும் இயந்திரம் அதில் வந்து மோதும்போது செல் சாகும். ஆகவே நொதி அதிகமாக உள்ள செல்லில் மருந்து கூடுதலாக வேலை செய்யும். ‘தடுப்பான்’ என்று கேட்டதும் நம் மனதில் வரும் படத்துக்கு நேர்மாறு இது.

வெளிச்சம் ஏறியதா இல்லையா என்று மட்டும் கேட்கும் சோதனையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நொதியை வெறுமனே அடைத்துவைக்கும் பொருளும், டிஎன்ஏவோடு சேர்த்துப் பூட்டும் பொருளும் ஒரே மாதிரியான தாழ்ந்த கோட்டைத்தான் வரையும். காம்ப்டோதெசின் 370 அருகே ஒளியை வாங்கி நீலமாகச் சொந்த வெளிச்சமும் தரும் என்பதால், 2-அமினோபியூரின் மாதிரியான சோதனையில் குழப்பம் இன்னும் கூடும்.

இங்கே பழைய ஜெல் திரும்ப வருகிறது. கதிரியக்கம் வேண்டாம், சாதாரண அகரோஸ் ஜெல் போதும், எந்தக் கல்லூரியிலும் இருக்கும். முறுக்கேறிய வட்ட டிஎன்ஏவான பிபிஆர்322ஐ நொதியோடும் பொருளோடும் கலந்து, எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருளும் புரோட்டீனேஸ்-கே நொதியும் போட்டு ஒட்டியிருக்கும் புரதத்தை நீக்கி, டிஎன்ஏவை ஒளிரவைக்கும் எதிடியம் புரோமைடு கலந்த ஜெல்லில் ஓட்ட வேண்டும். நொதியை வெறுமனே நிறுத்திய பொருளுக்கு, முறுக்கேறிய டிஎன்ஏ தன் இடத்தில் அப்படியே நிற்கும். நொதியைப் பூட்டிய பொருளுக்கு, ஓரிழை அறுந்த வட்டத்தின் பட்டை தனியாகத் தடித்துத் தெரியும். ஒளிர்வுத் தட்டில் ஆயிரம் பொருள்களைச் சலித்துப் பத்தாகக் குறைத்த பிறகு, அந்தப் பத்தையும் இந்த ஜெல்லில் ஓட்டிப் பார்த்த படத்தை ஆய்வேட்டில் ஒட்டியிருந்தால், அந்த அட்டவணையின் ஐசி50களை நின்று படிக்கலாம்.